முளையிற் கண்ட நோய்: கருப்பைக் கழுத்துப் புற்றின் ஆய்வு வரலாறு

மக்கள் பெயர் சொல்லவும் அஞ்சும் நோய்களுள் முதலாவதாக வைத்து எண்ணத்தக்கது புற்றுநோய். நோவும் குருதிப்போக்கும் தோன்றிய பின்னரே பலர் வைத்தியரை நாடுகின்றனர். அதற்குள் நோய் தான் பிறந்த இடத்தை விட்டு நிணநீர்க் கணுக்களையும் ஏனை உறுப்புக்களையும் பற்றிவிடுகின்றது. பற்றிய பின் சத்திரவைத்தியரின் கத்தியும் இரேடியத்தின் கதிரும் பெரும்பாலும் வலியிழந்து நிற்கின்றன. ஆயின், பிறந்த இடத்திலேயே நிற்கும் புற்று அத்தகையதன்று. அதனைக் கண்டால் எளிதில் அகற்றலாம். அகற்றப்பட்டவர் தம் ஆயுளை முழுமையாக வாழவும் கூடும்.

இவ்வுண்மை ஏறத்தாழ நூறாண்டுகளாக அறியப்பட்டுள்ளது. அங்ஙனமாயின் அறிந்த அக்காலந்தொட்டே உயிரிழப்புக் குறைந்திருத்தல் வேண்டும். அது நிகழ்ந்ததா என்பதற்கு விடை கூறவல்ல சிறந்த சான்று பெண்களின் கருப்பைக் கழுத்திலே தோன்றும் புற்றாகும். பரவுமுன் நிற்கும் நிலையை வைத்தியர் முதன்முதல் தெளிவாக ஆராய்ந்த புற்றுக்களுள் அஃதொன்று. கண்ணாற் காணவும் கருவியால் தொடவும் கூடிய இடத்திலே அது தோன்றுகின்றது. தோன்றிய மாற்றம் ஆழப் புகுந்து உண்மைப் புற்றாவதற்குப் பெரும்பாலும் பத்து முதல் இருபது ஆண்டுகள் செல்கின்றன. இத்துணை நீண்ட தவணை வேறு புற்றுக்கள் பலவற்றில் வைத்தியருக்குக் கிடைப்பதில்லை. அத்தவணை எவ்வாறு பயன்பட்டது, எவ்வாறு வீணாயிற்று என்பதே இவ்வரலாற்றின் பொருளாகும்.

தன்னிடத்தில் நின்ற புற்று

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை வைத்தியர் கண்டது முற்றிய நோயையே. 1898இல் வியன்னா நகரத்து ஏர்ன்ஸ்ட் வெர்த்தைம் என்பார் கருப்பையையும் அதனைச் சூழ்ந்த இழையங்களையும் ஒருங்கே அகற்றும் பெருஞ் சத்திரசிகிச்சையைச் செய்யத் தொடங்கினார். தொடக்க காலத்தில் அச்சிகிச்சையினாலேயே மாண்டோர் பலர். அதே 1898இல் கியூரி தம்பதியர் இரேடியத்தைக் கண்டறிந்தனர். சில ஆண்டுகளுக்குள் அதுவும் இந்நோய்க்கு மருந்தாயிற்று. இரு முறைகளும் முன்னேற்றமே. எனினும் இரண்டும் நோய் வெளிப்படும்வரை காத்திருந்தன.

இதற்கிடையே, அகற்றிய கருப்பைகளை நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராய்ந்த சிலர் விந்தையான ஒன்றைக் கண்டனர். புற்று ஆழப் புகுந்திருந்த இடத்தின் ஓரத்திலே, மேலணி இழையத்திற் கலங்கள் வடிவமும் ஒழுங்கும் மாறிப் புற்றுக்கலங்களைப் போலவே தோன்றின. ஆயினும் அவை தம் அடித்தள மென்சவ்வைக் கடந்து உட்செல்லவில்லை. 1908இல் ஓஸ்திரியாவின் கிராஸ் நகரத்து வால்ட்டர் சவ்வன்ஸ்டைன், மேற்பரப்பிலுள்ள இம்மாற்றமே பின்னர் ஆழப் புகும் புற்றுக்கு முற்படி என்று வாதித்தார். 1932இல் அமெரிக்காவின் மேயோ வைத்தியநிலையத்தைச் சேர்ந்த நோயியலறிஞர் அல்பேர்ட் புறோடர்ஸ் இத்தகைய மாற்றத்துக்கு இலத்தீன் மொழியிற் பெயரொன்று இட்டார். ‘தன்னிடத்தில் நின்ற புற்று’ என்பது அதன் பொருள். பெயர் இட்டபின் பொருளை மறுப்பது அரிதாயிற்று. எனினும் உடலுக்குள்ளே மறைந்து, நோவு எதுவும் தராது நிற்கும் இம்மாற்றத்தை உயிருள்ள பெண்ணிடத்து எவ்வாறு காண்பது என்ற வினா எஞ்சிற்று.

கண்ணும் சாயமும்

அவ்வினாவுக்கு முதல் விடைகள் ஐரோப்பாவிலே தோன்றின. 1925இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் ஹின்செல்மன் கருப்பைக் கழுத்தைப் பெருப்பித்துக் காட்டும் இருகண் கருவியொன்றை ஒளிவிளக்குடன் அமைத்தார். மேற்பரப்பில் அசற்றிக்கமிலத்தைத் தடவின் மாறுபட்ட பகுதி வெண்மையாகத் தோன்றும் என்பதும் அவர் வழியாகவே பரவிற்று. வியன்னாவில் வால்ட்டர் சில்லர் என்பார் 1928 அளவில் அயடீனைப் பயன்படுத்தினார். நலமுள்ள மேலணிக் கலங்களிற் கிளைக்கோசன் உண்டு. அயடீன் பட்டவுடன் அவை கருங்கபில நிறம் அடையும். மாறுபட்ட கலங்களில் அப்பொருள் இன்மையால் அவை நிறம் பற்றாது வெளிறி நிற்கும்.

ஹின்செல்மனின் பெயரோடு வேறொரு செய்தியும் சேர்ந்துள்ளது. நாற்சியர் ஆட்சியில் உரோமா இனப் பெண்களைப் பலவந்தமாக மலடாக்கிய செயலிற் பங்குகொண்டமைக்காக அவர் போருக்குப்பின் சிறைத்தண்டனை பெற்றார். பெண்ணுடலை நுணுகி நோக்கக் கற்பித்த ஒருவரே அவ்வுடலுக்குரியாளின் இசைவை ஒரு பொருளாக மதியாது விட்டார். இசைவு பற்றிய இவ்வினா இவ்வரலாற்றிலே மீண்டும் மீண்டும் எழுவதைக் காணலாம்.

கண்ணாடித்தட்டில் ஒரு பூச்சு

மேற்கூறிய முறைகளுக்குப் பயின்ற கண்ணும் விலையுயர்ந்த கருவியும் வேண்டும். எளிய வழியொன்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கிரேக்க நாட்டுக் கிமி என்னும் ஊரில் 1883இற் பிறந்த ஜோர்ஜ் பப்பனிக்கொலாவு ஏதென்சில் வைத்தியமும் மியூனிக்கில் விலங்கியலும் கற்றவர். 1913இல் மனைவி அன்டிறோமக்கியுடன் நியூயோர்க் சென்றிறங்கிய அவர், முதலிற் கம்பளம் விற்கும் வேலையிலும் இருந்தார். பின்னர் கோர்னெல் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, சீமைப் பெருச்சாளிகளின் சூல்வட்டத்தை அறிய அவற்றின் யோனியிலிருந்து கலங்களை எடுத்துக் கண்ணாடித்தட்டிற் பூசி ஆராய்ந்தார். அவ்வாய்வு 1917இல் வெளியாயிற்று. அதே முறையை மனிதரிடத்துப் பயன்படுத்த முனைந்தபோது, ஆண்டுகள் பலவாக இடையறாது பூச்சுக் கொடுத்துதவியவர் அவர் மனைவியே. வைத்தியசாலைப் பெண்களின் பூச்சுக்களை ஆராய்ந்துவருகையில், கருப்பைப் புற்றுள்ளோரின் தட்டுக்களிலே புற்றுக்கலங்கள் தெளிவாகத் தோன்றுவதைப் பப்பனிக்கொலாவு கண்டார்.

1928 சனவரியில் மிச்சிக்கன் மாநிலத்து பற்றில் கிறீக் நகரில் நிகழ்ந்த இனமேம்பாட்டு மகாநாட்டிலே அவர் இதனை அறிவித்தார். கேட்டோர் அசையவில்லை. இழையத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து நோக்கினால் நோய் புலப்படும்; உதிர்ந்த கலங்களைத் தேடுவானேன் என்பது அக்காலத்து வைத்தியரின் எண்ணம். இதற்கு ஓராண்டு முன்னரே, 1927இல், உருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் அவுரெல் பாபெஸ் என்பாரும் கருப்பைக் கழுத்திலிருந்து பிளாற்றினக் கம்பி வளையத்தாற் கலங்களை எடுத்துப் புற்றை அறியும் முறையைத் தம் நாட்டு வைத்தியர் முன் எடுத்துரைத்திருந்தார். 1928இல் அது பிரெஞ்சு மொழியில் வெளிவந்தும் உலகின் கவனத்தைப் பெறவில்லை. இருவர், இரு கண்டங்களில், ஒருவரையொருவர் அறியாது கண்ட உண்மை ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் பயனின்றிக் கிடந்தது.

1939 அளவிலே பப்பனிக்கொலாவு தம் ஆய்வை மீண்டும் தொடங்கினார். மகளிர்நோய் வைத்தியர் ஹேர்பேர்ட் ட்றவுட் அவருக்குத் துணையானார். 1941இல் அவ்விருவரின் கட்டுரையும் 1943இல் அவர்தம் நூலும் வெளிவந்தன. பூச்சின் சிறப்பு என்னவெனின், வெட்டுவதற்கு இடம் தெரியாதபோதும் அது நோயைக் காட்டும் என்பதே. நோய் இருக்கிறதென்று ஐயுற்ற பின்னரே துண்டு வெட்டப்படும். பூச்சோ ஐயமே எழாத நலமுள்ள பெண்ணிடத்தும் எடுக்கத்தக்கது. 1947இல் கனடாவைச் சேர்ந்த ஏர்னஸ்ட் அயர் சிறு மரக்கரண்டி போன்ற தட்டலகு ஒன்றை அமைத்துக் கழுத்துப்பகுதியிலிருந்தே கலங்களைச் சுரண்டி எடுக்க வழிகாட்டினார். அதன்பின் மரத்துண்டும் கண்ணாடித்தட்டும் சாயமும் நுணுக்குக்காட்டியும் உள்ள இடமெல்லாம் இப்பரிசோதனை செய்யக்கூடியதாயிற்று. பப்பனிக்கொலாவு 1962இல் மறைந்தார்.

முற்படியா, வேறொன்றா?

பரிசோதனை கிடைத்ததும் புதிய பிணக்கொன்று எழுந்தது. தன்னிடத்தில் நிற்கும் மாற்றம் உண்மையாகவே கொல்லும் புற்றுக்கு முற்படியா? அன்றி ஆங்கேயே நின்று மறையும் வேறொரு நிலையா? முற்படி என்போர் கருப்பை முழுவதையுமே அகற்றினர். அன்று என்போர் அதனை வீண்கொடுமை என்றனர். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த றிச்சேட் ரெலிண்ட், முற்படியே என்று வாதித்தவர்களுள் ஒருவர். அதனை நிறுவுதற்கு, நலமுள்ள கலங்களையும் இருவகை நோய்க்கலங்களையும் ஆய்வுகூடத்தில் வளர்த்து ஒப்பிட அவர் விரும்பினார். அதற்காக 1951இல் எடுக்கப்பட்ட மாதிரிகளுள் ஒன்று, ஹென்றியெற்றா லாக்ஸ் என்னும் ஆபிரிக்க அமெரிக்கப் பெண்ணுடையது. அவரது புற்று அப்போது ஆழப் புகுந்துவிட்டிருந்தது. அவர் அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் 31 வயதிலே மாண்டார். அவருக்கு அறிவியாது எடுக்கப்பட்ட அக்கலங்களோ இறவாது பெருகி உலகின் ஆய்வுகூடங்கள் எங்கும் பரவின.

பிணக்கைத் தீர்க்க நேர்வழி ஒன்றே உண்டு. மாற்றமுள்ள பெண்களுக்குச் சிகிச்சை அளியாது பல்லாண்டு பார்த்திருத்தல் வேண்டும். அறநெறி தடுக்கும் அவ்வழி நியூசிலாந்திலே மேற்கொள்ளப்பட்டது. ஒக்லாந்து நகரத்துத் தேசிய மகளிர் வைத்தியசாலையைச் சேர்ந்த ஹேர்பேர்ட் கிறீன், தன்னிடப் புற்று ஆழப் புகும் புற்றாக மாறுவது அரிதென நம்பினார். இளம்பெண்கள் வீணே கருப்பையை இழத்தலாகாது என்பது அவர் கருத்து. 1966இல் அவர் முன்வைத்த திட்டத்துக்கு வைத்தியசாலையின் உயர்குழு இசைவளித்தது. அதன்படி, பூச்சிலே மாற்றம் தொடர்ந்து காணப்பட்ட பெண்கள் சிலருக்கு நோயை முற்றாக நீக்கும் சிகிச்சை அளிக்கப்படவில்லை. சிறு துண்டு எடுத்து நோக்கியபின் அவர்கள் கண்காணிக்கப்பட்டனர். தாம் ஓர் ஆய்வுக்குட்பட்டிருப்பது அப்பெண்களுக்குத் தெரியாது. 1970களிலே அவ்வைத்தியசாலையினுள்ளேயே வில்லியம் மக்கின்டோவும் நோயியலறிஞர் மக்லீனும் தம் ஐயத்தை எழுத்து மூலம் எடுத்துரைத்தும் ஆய்வு நிறுத்தப்படவில்லை.

1984இல் மக்கின்டோவும் உடனுழைத்தோரும் வெளியிட்ட கட்டுரை 948 பெண்களின் வரலாற்றை ஆராய்ந்தது. சிகிச்சைக்குப்பின் பூச்சு இயல்புநிலை அடைந்த 817 பேருள் 1.5 வீதத்தினருக்கே ஆழப் புகுந்த புற்று உண்டாயிற்று. மாற்றம் நீங்காது தொடர்ந்த 131 பேருள் அது 22 வீதமாக இருந்தது. 1987இற் சான்றா கோனி, பிலிடா பங்கிள் என்னும் இரு பெண்கள் சஞ்சிகை ஒன்றில் இதனை எழுதிப் பொதுமக்களுக்கு அறிவித்தனர். அரசு விசாரணை ஒன்றை அமைத்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் 1988இல் அளித்த அறிக்கை, பெண்கள் பலர் போதிய சிகிச்சை பெறாமையையும் அவர்தம் இசைவு பெறப்படாமையையும் வெளிப்படுத்திற்று. நோயாளரின் உரிமைகளைச் சட்டமாக வகுத்தற்கும் நாடு தழுவிய பரிசோதனைத் திட்டத்துக்கும் அவ்வறிக்கையே வழிகோலிற்று.

2008இல் வெளியான பின்னாய்வு இறுதி விடையைத் தந்தது. சிறு துண்டு மட்டும் எடுக்கப்பட்டு விடப்பட்ட 143 பெண்களுள், முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 31 வீதத்தினர் புற்றடைந்தனர். தக்க சிகிச்சை பெற்றோருள் அது 1 வீதத்திலும் குறைவு. முற்படி என்பது இதனால் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. அதே எண் மற்றோர் உண்மையையும் கூறுகின்றது. விடப்பட்டோருள் மூன்றிலிரு பங்கினருக்கு அக்காலத்துள் புற்று உண்டாகவில்லை. யார் தப்புவர், யார் தப்பார் என்பதை முன்னறிந்து சொல்ல இயலாமையால் எல்லோர்க்குஞ் சிகிச்சை அளிக்கவேண்டியதாகின்றது. பலருக்கு வேண்டாததாக முடியக்கூடிய சிகிச்சை இலேசானதாக இருத்தல் கடன். கருப்பையை வீணே இழத்தலாகாது என்ற கிறீனின் கவலைக்கு ஏற்ற மாற்று, சிகிச்சையைச் சிறிதாக்குதலே. கழுத்திலிருந்து கூம்பு வடிவாக ஒரு பகுதியை அகற்றுதல், உறையவைத்து அழித்தல், மின்னோடும் கம்பி வளையத்தாற் செதுக்குதல் என்னும் முறைகள் அவ்வழியிலே வளர்ந்தன. இவற்றாற் கருப்பை காக்கப்படுகின்றது. பலருக்கு ஒருநாட் சிகிச்சையே போதுமாகின்றது.

அழைப்பின் ஆற்றல்

கண்டறியும் வழியும் நீக்கும் வழியும் இவ்வாறு அமைந்தன. எனினும் இவையிருந்தும் சில நாடுகளில் இறப்புக் குறைந்தது. சில நாடுகளிற் குறையவில்லை. கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணம் 1949இலேயே மக்கள் தழுவிய பரிசோதனையைத் தொடங்கிற்று. ஐரோப்பாவின் வடபால் நாடுகள் ஐந்தின் அனுபவமோ திட்டமிட்டு நடத்திய சோதனை போலவே அமைந்தது. பின்லாந்து 1960களின் தொடக்கத்திலே திட்டமொன்றை வகுத்து, 30 முதல் 60 வரை வயதுள்ள பெண்கள் அனைவர்க்கும் ஐந்தாண்டுக்கொரு முறை பெயர் குறித்து அழைப்புக் கடிதம் அனுப்பிற்று. ஐஸ்லாந்தும் நாடு முழுவதற்கும் திட்டம் வகுத்தது. நோர்வேயிலோ அக்காலத்தில் ஒரு சிறு பகுதியில் மட்டுமே இத்தகைய ஒழுங்கு இருந்தது; ஏனைய பெண்கள் தாமாக வைத்தியரிடம் சென்றபோதே பூச்சு எடுக்கப்பட்டது.

1965க்கும் 1982க்கும் இடையே இந்நோயால் நேர்ந்த இறப்பு ஐஸ்லாந்தில் 80 வீதமும் பின்லாந்தில் 50 வீதமும் சுவீடனில் 34 வீதமும் குறைந்தது. பகுதிபகுதியாகத் திட்டம் நடந்த டென்மார்க்கில் அது 25 வீதம். நோர்வேயில் 10 வீதமே. ஐந்து நாடுகளும் செல்வத்திலும் வைத்திய அறிவிலும் பெரிதும் வேறுபட்டன அல்ல. வேறுபட்டது அழைப்பும் ஒழுங்கும். தாமாக வருவோர் பெரும்பாலும் இளையரும் கற்றோருமாவர். நோய்க்கு எளிதில் இலக்காகும் முதியோரும் வறியோரும் அழைத்தாலன்றி வாரார். அழைத்தபின் மாற்றங் கண்டால் மீண்டும் அழைத்துச் சிகிச்சை அளித்தாலன்றிப் பூச்சினாற் பயன் இல்லை. இந்நாடுகளின் புள்ளிவிவரங்கள் 1987இல் வெளிவந்தன. அடுத்த ஆண்டிற் பிரித்தானியாவும் அழைத்து மீள அழைக்கும் முறையை நாடெங்கும் நிறுவிற்று.

காரணமும் காப்பும்

இதற்கிடையே நோயின் காரணமும் வெளிப்பட்டது. ஜேர்மனிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசனும் அவர் குழுவினரும் 1983இலும் 1984இலும் மனிதப் பப்பிலோமா வைரசின் 16ஆம், 18ஆம் வகைகளைக் கருப்பைக் கழுத்துப் புற்றிலே கண்டறிந்தனர். இவ்விரு வகைகளே இப்புற்றுக்களுள் ஏறத்தாழ 70 வீதத்துக்குக் காரணமானவை. 1951இல் ஹென்றியெற்றா லாக்சிடமிருந்து எடுத்த கலங்களிலும் 18ஆம் வகை வைரசின் மரபுப்பொருள் காணப்பட்டது. ரெலிண்ட் தேடிய விடையின் ஒரு பகுதி அக்கலங்களுக்குள்ளேயே அத்துணைக் காலமும் இருந்ததென்க. சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. 2006 முதல் இவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்தது.

வறிய நாடுகளுக்குப் பூச்சுமுறை எளிதாக இல்லை. தட்டை நோக்கப் பயின்றோர் வேண்டும். விடை வரும்வரை நாட்கள் செல்லும். அதற்குள் தொலைவிலுள்ள பெண் மீண்டும் வாராது போதலும் உண்டு. இதற்கு மாற்றுத் தேடிய ஆய்வொன்று தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்திலே 2000இல் தொடங்கிற்று. பயின்ற தாதியர் கருப்பைக் கழுத்தில் அசற்றிக்கமிலக் கரைசலைத் தடவி வெறுங்கண்ணால் நோக்கினர். வெண்மை தோன்றிய பெண்களுள் ஏற்றவர்க்கு உறையவைக்கும் சிகிச்சையையும் அவர்களே அளித்தனர். ஹின்செல்மன் காலத்து வேதியியல் உண்மை கிராமத்துத் தாதியின் கையில் விலைமலிந்த கருவியாயிற்று. 30 முதல் 59 வயதுவரையான பெண்களிடத்து ஒருமுறை மட்டும் செய்த இப்பரிசோதனையால் நோயின் தோற்றம் 25 வீதமும் இறப்பு 35 வீதமும் குறைந்ததென 2007இல் வெளியான அறிக்கை காட்டிற்று. மகாராட்டிர மாநிலத்தில் அக்காலம் உஸ்மானாபாத் எனப்பட்ட மாவட்டத்திலே நடந்த மற்றோராய்வு, வைரசை நேரே கண்டறியும் பரிசோதனை ஒருமுறை செய்யினும் இறப்பை ஏறத்தாழப் பாதியாக்கும் என 2009இற் காட்டிற்று. இவ்விந்திய ஆய்வுகளிலே ஒப்பீட்டுக்கென வைக்கப்பட்ட பெண்களுக்குப் பரிசோதனை அளிக்காமை தகுமோ என்ற வினாவும் எழுந்தது. ஒக்லாந்தின் பாடத்தை அறிந்த உலகம் அவ்வினாவை எழுப்பாதிருத்தல் இயலாது.

இலங்கையில் 1996 முதல் பெண்களுக்கான சுகநல நிலையங்கள் இயங்கிவருகின்றன. 35 வயதெய்திய பெண்களுக்குப் பூச்சுப் பரிசோதனை செய்தல் அவற்றின் பணிகளுள் ஒன்றாயிற்று. 2017இல் ஆறாந் தர மாணவியர்க்கு வைரசுத் தடுப்பூசி வழங்குதல் தேசியத் திட்டத்திற் சேர்க்கப்பட்டது. தடுப்பூசி ஏற்றும் பணியிற் பாடசாலைகளும் பங்குகொள்வதால் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இவ்வரலாற்றோடு நேர்த்தொடர்பு உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் மூன்று இலக்குகளை அறிவித்தது. 2030ஆம் ஆண்டளவில் 15 வயதுக்குட்பட்ட சிறுமியருள் 90 வீதத்தினர் தடுப்பூசி பெறுதல், 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மற்றொருமுறையுமாகப் பெண்களுள் 70 வீதத்தினர் சிறந்த பரிசோதனை பெறுதல், நோயுடையோராகக் காணப்பட்டோருள் 90 வீதத்தினர் சிகிச்சை பெறுதல் என்பன அவை. ஆயின் 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 6,60,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 3,50,000 பேர் மாண்டனர். மாண்டோருட் பெரும்பாலோர் வறிய, இடைநிலை வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

இவ்வெண்களோடு ஆண்டுகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் தகும். பூச்சு 1928இல் அறிவிக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள் வைத்தியர் அதனைப் பொருட்படுத்தவில்லை. முற்படி என்னும் கொள்கை 1908இலேயே எழுந்தது. 1966இலும் அதனை நம்பாத ஒருவர் பெண்களை அறியாமையில் வைத்துச் சோதித்தார். பரிசோதனை ஐம்பதுகளிலேயே பல நாடுகளிற் கிடைத்தது. எனினும் அழைப்புக் கடிதம் அனுப்பிய நாடுகளே பெரும்பயன் பெற்றன. முளையிலே நிற்கும் நோய் பத்தாண்டோ இருபதாண்டோ தவணை தருகின்றது. அத்தவணையை உயிராக மாற்றுதற்கு உண்மையை மறையாது உரைக்கும் வைத்தியரும், பெயர் சொல்லி அழைக்கும் அரசும், அழைத்தபோது அஞ்சாதும் நாணாதும் செல்லும் பெண்ணும், அவளைத் தடுக்காது அனுப்பும் இல்லமும் வேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்த இடங்களில் மற்றவை யாவும் இருந்தும் பெண்கள் மாண்டனர் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.